பதினாலாவது கலத்துக் கைதி

ஒரு குற்றமும் செய்யாத மனிதன் எட்டு மாதம் ஜெயிலில் கிடப்பதற்கு நான் காரணமாக இருந்தேன். நான் போலீஸ்காரன் இல்லை, மாஜிஸ்திரேட்டும் இல்லை. டைப்பிஸ்ட். பெயர் சூசைமாணிக்கம், சேலம் அரிசிப்பாளையத்தில் வாடகை வீடு, மனைவி சகாயம்மாள், நான்கு பிள்ளைகள், நிமிஷத்துக்கு ஐம்பது வார்த்தை வேகம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்ல எண்ணத்தோடு செய்ததை எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

நடந்தது 1962ஆம் வருஷம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் மண்டியின் மாடியில் ‘வட்டாரச் சிறைச் சீர்திருத்த நற்பணி மன்றம்’ இருந்தது. வாசலில் பெரிய பலகை: ‘சிறைப்பட்டோருக்கு உதவி இங்கே கிடைக்கும்.’ தலைவர் அற்புதராஜ், ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர். ஓய்வு பெற்ற விஷயம் சர்க்காருக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரியவில்லை. செயலாளர் குழந்தைவேல், வக்கீல். நிர்வாகக் குழுவில் இன்னும் ஒன்பது பேர்: மில்காரர்கள், மண்டிக்காரர்கள், ஒரு பல் டாக்டர். பதினோரு பேருக்கும் சொந்த வீடு உண்டு. இரண்டு பேருக்குத் தெருவே சொந்தம்.

மூன்று வருஷத்தில் மன்றம் எந்தக் கைதிக்கும் எதுவும் செய்யவில்லை என்று சிலர் பேசினார்கள். அது அபாண்டம். ஒரு சுதந்திர தினத்தன்று மிட்டாய் கொண்டுபோனார்கள். போட்டோக்காரர் வரத் தாமதமாகி, எல்லாரும் ஜெயில் வாசலில் வெயிலில் நின்று, மிட்டாய் இளகி ஒரே கட்டியாகிவிட்டது. அந்தக் கட்டியைத் தலைவர் இரண்டு கையாலும் தூக்கி வார்டரிடம் கொடுக்கிற படம் மன்றத்துச் சுவரில் மாட்டியிருந்தது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து ஜெனீவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘அகில உலக நீதிச் சீர்திருத்த அறநிதி’ என்று ஓர் அமைப்பு. பின்தங்கிய நாடுகளில் கைதிகளின் நிலையைச் சீர்படுத்தும் திட்டங்களுக்குப் பணம் தருமாம். விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய கலங்கள் நாற்பத்திரண்டு. ஆறு பிரதிகள். அதை அடிப்பதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள்.

திட்டத்தின் பெயர் ‘இலவச ஜாமீன் நிலையம்’. சின்னக் கேஸில் பிடிபடுகிற ஏழைக்கு, சொந்த வீடோ நிலமோ உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். போட ஆள் இல்லாததால் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிறான். அந்தக் கையெழுத்துக்கு வழி செய்வதுதான் நிலையத்தின் நோக்கம். வேண்டியவற்றைத் தலைவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: ஒரு கட்டடம், அதில் மாநாட்டுக் கூடம், ஒரு டைரக்டர், இரண்டு உதவி டைரக்டர்கள், ஒரு ஜீப், ஜீப்புக்கு ஷெட், ஷெட்டுக்குக் காவல்காரர். கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று எங்கும் வரவில்லையே என்று கேட்டேன்.

“அது இரண்டாம் கட்டம்” என்றார் தலைவர்.

எல்லாக் கலங்களும் நிரம்பிவிட்டன, பதினாலாவது கலத்தைத் தவிர. ‘திட்டத்தின் தேவையை விளக்கும் ஓர் உண்மையான உதாரணம்’ என்று அதில் கேட்டிருந்தார்கள். நிர்வாகக் குழுவில் யாரும் கைதி ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. மூன்று வாரம் அந்தக் கலம் வெறுமையாகக் கிடந்தது.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நின்றுகொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, ஜெயில்ல இருக்கறவங்களுக்கு ஒத்தாசை பண்றது இங்கதானுங்களா?”

“இங்கேதாம்மா. உட்காருங்க.”

“இருக்கட்டுமுங்க. கீழ ஒருத்தரு பலகையைப் படிச்சுச் சொன்னாருங்க. எனக்குப் படிக்கத் தெரியாது.”

பெயர் கந்தம்மாள், கொமாரபாளையம். கணவன் செங்கோடன் முதலாளியின் தறியில் நெய்கிறவன். சேலத்தில் நூல் கட்டு எடுத்துக்கொண்டு திரும்பும்போது, சங்ககிரிக்கு அந்தப் பக்கம் பஸ் மாறுகிற ஊரில் போலீஸ்காரர் நிறுத்தி நூலுக்குச் சீட்டு கேட்டிருக்கிறார். அந்த ஊர் எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்குள்ளவர்கள் வருத்தப்படுவார்கள்.

“சீட்டை மடியில வச்சிருந்தாருங்க. வேர்வையில நனைஞ்சு எழுத்தே தெரியாமப் போச்சு. திருட்டு நூலுன்னு உள்ள போட்டுட்டாங்க. மொதலாளிகிட்டப் போனேன். அது என்ற நூலே இல்லைன்னு சொல்லிப்போட்டாருங்க.”

கணக்கில் காட்டாத நூல். விற்பனை வரிக்காரருக்குப் பயந்து முதலாளி கைகழுவிவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்துதான் இருந்தது. ஆனால் தறியும் வீடும் அவருடையவை. அவள் என்ன செய்வாள்?

“சொந்த ஊடு இருக்கறவங்க ஒருத்தரு கையெழுத்துப் போட்டா உடறேன்னு கோர்ட்டுல சொல்றாங்க. எங்க தெருவுல அத்தனையும் மொதலாளி ஊடுங்க. ஆருகிட்டப் போயி நிக்கறது? தறி சும்மா கெடக்குது. எப்ப வருவான்னு ஒரு தேதி சொல்லு, அதுவரைக்கும் வேற ஆளு போடாம வச்சிருக்கறேங்கறாரு மொதலாளி. தேதிக்கு நான் எங்கீங்க போவேன்? தறி போனா ஊடும் போச்சு. புள்ளைக்கு ரெண்டு வயசுங்க.”

ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்டாள். எனக்குச் சொந்த வீடு இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பினேன்.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். பெரியவர்கள் கண்ணில் இந்த விஷயம் பட்டால் போதும், உடனே கையெழுத்துப் போட்டு ஆளை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். செங்கோடனைப் பதினாலாவது கலத்தில் ஏற்றினேன். பெயர், வயது முப்பத்தொன்று, வேர்வையில் அழிந்த சீட்டு, இரண்டு வயதுக் குழந்தை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அழகாக அடித்தேன். பிறத்தியார் துக்கத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது டைப்பிஸ்டுக்கு ஒரு சுகம் வந்துவிடுகிறது. கடைசியில் ‘ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறான்’ என்று முடித்து, அந்த வரிக்கு அடிக்கோடும் போட்டேன்.

தலைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் படித்தார்.

“சூசை, இந்த மனிதன் நிஜமாகவே இருக்கிறானா?”

“இருக்கிறார் ஐயா. நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் நாளைக்கே வெளியே வந்துவிடுவார்.”

தலைவரின் முகம் மாறியது. நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போலச் செயலாளரைப் பார்த்தார்.

“நாளைக்கே வெளியே வந்துவிட்டால் இந்தக் கலத்தில் யார் இருப்பார்கள்?” என்றார் செயலாளர்.

“நன்றாக யோசித்துப் பார், சூசை” என்றார் தலைவர் பொறுமையாக. “ஒரு கையெழுத்தில் ஒருவனை விடுவிக்கலாம் என்று ஜெனீவாவுக்குத் தெரிந்தால், ஜீப் எதற்கு என்று கேட்பான். பேனா வாங்கிக்கொள்ளுங்கள் என்று இரண்டு பிராங்க் அனுப்பிவைப்பான். இந்தச் செங்கோடன் இப்போது தனி மனிதன் இல்லை. வெளியே வராத ஆயிரமாயிரம் பேரின் பிரதிநிதி. பிரதிநிதியை வெளியே விடுவது அந்த ஆயிரம் பேருக்கும் செய்கிற துரோகம்.”

அன்றைய கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள்: திட்டம் அனுமதி பெறும்வரை எந்த உறுப்பினரும் எந்தக் கைதிக்கும் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கொடுக்கக் கூடாது. ஏகமனதாக நிறைவேறியது. நானே அடித்தேன், பிழையில்லாமல்.

அடுத்த திங்கட்கிழமை கந்தம்மாள் வந்தாள். காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்றேன். அதற்கடுத்த திங்கட்கிழமையும் அதையே சொன்னேன். பொய்யில்லை, காரியம் பயங்கரமாக நடந்துகொண்டிருந்தது.

சித்திரையில் ஜெனீவா பதில் எழுதியது. பதினாலாவது கலம் தங்களை மிகவும் கவர்ந்ததாகவும், மேற்படி கைதியைப் பற்றி மேலும் அறிய ஆவலாக இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். கூடவே எண்பத்தாறு கேள்விகள் கொண்ட படிவம். வாராவாரம் கைதியின் எடையும் வேண்டுமாம். சிறைவாசம் உடலை எப்படிப் பாதிக்கிறது என்று கோடு போட்டுப் பார்ப்பார்களாம். என்னை அனுப்பினார்கள்.

செங்கோடன் கிடந்த சப்-ஜெயிலில் இரண்டே அறை. ஒரு அறையில் பதினெட்டுப் பேர். ஹெட்வார்டர் பொன்னன் நல்ல மனிதர். செங்கோடனைக் கம்பிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். ஒல்லியான ஆள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை:

“கையெழுத்து ஆச்சுங்களா?”

“ஆகிடும். அதுக்கு முன்னாடி சில கேள்வி. சட்டத்து மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள சொல்லணும்.”

செங்கோடன் யோசித்தான். “கேக்கறவரு எத்தனைன்னா சந்தோசப்படுவாருங்க?”

“உங்க மனசுல உள்ளதைச் சொல்லுங்க.”

“அப்படீன்னா பத்தே போட்டுக்குங்க. கம்மியாச் சொல்லி ஆராச்சும் கோவிச்சுக்கிட்டா?”

“ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறீங்க?”

அவன் பின்னால் திரும்பி, அந்த அறையையும் அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பதினேழு பேரையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டேன்.

எடை பார்க்க ஜெயிலில் தராசு இல்லை. கடைவீதியில் நிலக்கடலை மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசு இருந்தது. விலங்கைக் கழற்ற உத்தரவு இல்லாததால், செங்கோடனோடு பிணைத்திருந்த கான்ஸ்டபிளையும் சேர்த்து ஏற்றி நிறுத்தோம். பிறகு செங்கோடனை ஜெயிலில் விட்டுவிட்டு வந்து, கான்ஸ்டபிளைத் தனியாக நிறுத்து அந்த எடையைக் கழித்தோம். வாராவாரம் அவரைத் தனியாக நிறுப்பது கௌரவக் குறைவு என்று கான்ஸ்டபிள் சொன்னதால், முதல் வாரத்து எடையையே கடைசிவரை கழித்து வந்தோம். வைகாசியில் அவருக்குக் கல்யாணம் ஆகி, மாமியார் வீட்டில் ஒரு மாதம் விருந்து நடந்தது. செங்கோடன் ஜெயிலில் பதினோரு ராத்தல் எடை ஏறிவிட்டதாகக் கணக்கு வந்தது.

‘கைதியின் ஆரோக்கியம் வியக்கத்தக்க வகையில் உயர்ந்துள்ளது. காரணம் என்ன?’ என்று ஜெனீவா தந்தியடித்தது. அந்தச் சதை கான்ஸ்டபிளுடையது என்று எழுதலாம் என்றேன். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘எங்கள் மன்றத்தின் தார்மீக ஆதரவு’ என்று பதில் போனது. உண்மையில் செங்கோடனின் தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது.

ஆடி பிறந்தது. கந்தம்மாள் பக்கத்துத் தெருக்காரர்களின் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துக் குழந்தைக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். முதலாளி இன்னும் வேறு ஆள் போடவில்லை, தேதி கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை அவள் மாடிப்படியை ஏறவில்லை, ஓடியே வந்தாள்.

“கெடைச்சுட்டாங்க சாமி! ஆளு கெடைச்சுட்டாங்க!”

ஜெயிலுக்கு எதிரே இட்லி விற்கிற கிழவி முத்தாயம்மாள். வாராவாரம் கந்தம்மாள் வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், “எனக்கு ஒரு ஊடு இருக்குது. வரி கட்டுன ரசீது இருக்குது. நான் கையெழுத்துப் போடறேன் போ” என்று சொல்லிவிட்டாளாம். பதினோரு சீமான்களால் ஆறு மாதமாக முடியாததை இட்லிக்காரி ஒருத்தி அடுப்பை ஊதிக்கொண்டே முடித்துவிட்டாள். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சந்தோஷத்தில், உள்ளே போய்த் தலைவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

அவசரக் கூட்டம் கூடியது. காரணம், புரட்டாசியில் ஜெனீவாவிலிருந்து டாக்டர் லின்ட் என்பவர் செங்கோடனை நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடாகியிருந்தது.

“வருகிறவர் கைதி எங்கே என்று கேட்டால், இட்லிக்காரி கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றா சொல்வது?” என்றார் பல் டாக்டர்.

ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வந்த அன்று செயலாளர் குழந்தைவேல் கறுப்புக் கோட்டுடன் ஆஜரானார். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், நலனைக் கவனித்து வரும் மன்றத்தின் சார்பில், எதிரியின் நலனை முன்னிட்டே பேசுவதாகச் சொன்னார். முத்தாயம்மாளின் வீடு பாதி ஓடு, பாதி ஓலை. ஓலையின் மதிப்பை யார் நிர்ணயிப்பது? நாளைக்கு ஒரு தீப்பொறி பட்டால் இந்த ஜாமீனின் கதி என்ன? ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து அறிக்கை தரும்வரை மனுவைத் தள்ளிவைக்க வேண்டும். கைதியின் தரப்பே ஜாமீனை ஆட்சேபிப்பதை மாஜிஸ்திரேட் தம் அனுபவத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் வக்கீல் சொல்வதில் சட்டம் இருந்ததால் இரண்டு மாதம் தள்ளிவைத்தார்.

கோர்ட் வராந்தாவில் கந்தம்மாள் செயலாளரின் காலில் விழுந்தாள். குழந்தை பக்கத்தில் நின்று அழுதது.

“சாமி, உங்க திட்டத்துல இருந்து எங்கூட்டுக்காரரைத் தள்ளிப்போடுங்க. நாங்க ஒண்ணும் கேக்கலீங்க. பலகையைப் பாத்து வந்தது தப்புத்தானுங்க. வேற ஆரையாச்சும் போட்டுக்கிட்டு அவரை உட்டுப்போடுங்க சாமி!”

“எழுந்திரும்மா” என்றார் செயலாளர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, அவர் கெட்டவரில்லை. “உன் புருஷன் பேர் இப்போது ஜெனீவாவில் இருக்கிறது. அங்கே இருந்து எடுப்பது லேசான காரியமா? ஒன்று நினைத்துப் பார். நம் ஜில்லாவில் எத்தனை பேருக்கு இந்தக் கௌரவம் கிடைத்திருக்கிறது?”

நான் பக்கத்தில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாளைத் தூக்கிவிட எனக்கு ஒரு கைதான் மிச்சமிருந்தது. அதையும் நீட்டத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. சகாயம்மாள் என்னவென்று கேட்டாள், சொன்னேன். “வேலையை விட்டுருங்க” என்றாள். நான்கு பிள்ளைகளையும் பார்த்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புரட்டாசி வந்தது, டாக்டர் லின்ட் வந்தார். அதற்கு முதல் நாள் ஜெயிலில் சண்டை. வெளிநாட்டார் வருகிறார் என்று மேலதிகாரிகள் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். “இவ்வளவு நன்றாக இருந்தால் எதைச் சீர்திருத்துவதாம்?” என்று தலைவர் கொதித்தார். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. கிழக்குச் சுவர் சர்க்காருக்கு, வெள்ளையாகவே இருக்கும். மேற்குச் சுவர் திட்டத்துக்கு, அதில் சாணியும் கரியும் பூசப்பட்டது. மாதர் பிரிவுத் தலைவி சாரதாமணி அம்மாள் செங்கோடனுக்குப் புதுச் சட்டை கொண்டுவந்து போட்டுவிட்டார். அதில் அவன் களையாக இருந்ததால் உடனே கழற்றச் சொன்னார்கள். பழைய சட்டையின் கிழிசல் போதுமா என்று செயலாளர் தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்.

டாக்டர் லின்ட் உயரமான மனிதர். சாது. வேர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை பிழிகிற பதத்துக்கு வந்துவிட்டது. கம்பிக்கு முன்னால் குனிந்து செங்கோடனைக் கும்பிட்டார். அந்த எட்டு மாதத்தில் அவனைக் கும்பிட்ட ஒரே ஆள் அவர்தான். உங்களுக்கு மிகவும் தேவையானது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். செயலாளர் மொழிபெயர்த்தார்.

செங்கோடன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னான். “ஒரு கையெழுத்துங்க.”

“இவர் ஒரு முழுமையான, விஞ்ஞானபூர்வமான மறுவாழ்வுத் திட்டத்தை எதிர்பார்க்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார் செயலாளர்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. “இல்லை சார்!” என்று கத்திவிட்டேன். ஐம்பது வார்த்தை வேகத்தில் ஆங்கிலம் கொட்டியது. “அவர் கேட்டது ஒரு கையெழுத்து. சொந்த வீடு உள்ள யார் போட்டாலும் போதும். இங்கே நிற்கிற பதினோரு பேருக்கும் சொந்த வீடு இருக்கிறது. ஒரு கிழவி போட வந்தாள், அதையும் இவர்களே தடுத்தார்கள்!”

டாக்டர் லின்ட் தலைவர் பக்கம் திரும்பினார். “இது உண்மையா?”

தலைவர் அசரவில்லை. “முற்றிலும் உண்மை. நாங்கள் கையெழுத்துப் போட்டால் ஒரு மனிதன் வெளியே போவான். போடாமல் இருந்தால் ஒரு திட்டம் உள்ளே வரும். எங்கள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு இருக்கிறோம், டாக்டர். தினமும் போட்டுவிடலாமா என்று கை துடிக்கிறது. அடக்கிக்கொள்கிறோம்.”

டாக்டர் லின்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் மாதாவை வேண்டிக்கொண்டேன். பிறகு அவர் தலைவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தனி மனிதனின் கருணை நிலைக்காது. அமைப்புதான் நிலைக்கும். இதைப் புரிந்தவர்களை நான் எந்த நாட்டிலும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை” என்றார். என் தோளையும் தட்டிக்கொடுத்தார். இவ்வளவு மனம்திறந்து பேசுகிற களப்பணியாளரைப் பெற்றது மன்றத்தின் பாக்கியமாம். அதனால் என் வேலை போகவில்லை. திட்டம் ஏறக்குறைய அனுமதியானதுதான், ஒரே ஒரு நிபந்தனை: நிலையம் தொடங்கிய பிறகு ஏற்படும் மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க, இதே கைதியை இதே நிலையில் இன்னும் ஆறு மாதம் கவனிக்க வேண்டும். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மேட்டூர் அணையைக் காட்டவும் அங்கே ஏரி மீனோடு விருந்து கொடுக்கவும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காரில் இடமில்லாததால் நான் நின்றுவிட்டேன்.

“அந்த வெள்ளைக்காரரு என்னங்க சொன்னாரு?” என்று கேட்டான் செங்கோடன்.

பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. “இன்னும் ஆறு மாசம்” என்றேன்.

அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பிறகு ஹெட்வார்டரைக் கூப்பிட்டான்.

“ஏனுங்கண்ணா, திருடுனேன்னு ஒத்துக்கிட்டா எத்தனை மாசம் போடுவாங்க?”

“இந்தக் கேசுக்கா? மொதத் தடவைன்னா மூணு மாசம்” என்றார் பொன்னன்.

“இருந்த எட்டு மாசம் அதுல கழியுங்களா?”

“கழியாது. அது வேற, இது வேற.”

“சரி, கழியாட்டிப் போகுது. மூணு மாசம் முடிஞ்சா நிச்சயம் உட்டுருவாங்கல்ல?”

“தண்டனை முடிஞ்சவனை ஒரு நாள் கூட வச்சிருக்க முடியாதப்பா. ரூலு அப்படி.”

“நீங்க திருடவே இல்லையே, செங்கோடன்!” என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

“அது ஆருக்குங்க வேணும்?” என்றான். “திருடாதவனுக்குத் தேதி இல்லீங்க. திருடனுக்குத்தான் இருக்குது. எம் பொண்டாட்டி மொதலாளிகிட்டச் சொல்றதுக்கு ஒரு தேதி வேணுமுங்க.”

அடுத்த வாய்தாவில் மாஜிஸ்திரேட் கேட்டார். “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?”

“ஒத்துக்கறனுங்க.”

“நூலை எங்கே திருடினாய்?”

செங்கோடன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். அதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. “எங்கீன்னு நீங்களே போட்டுக்குங்க சாமி” என்றான்.

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். மூன்று மாதம் கடுங்காவல். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வராந்தாவில் கந்தம்மாள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “மூணு மாசம்னா எந்தத் தேதிங்க?” எண்ணிச் சொன்னேன்: மார்கழி இருபதாம் தேதி. தாளில் எழுதித் தரச்சொன்னாள். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கொமாரபாளையம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். முதலாளி வீட்டுக்குத்தான். கணவனைத் திருடன் என்று தீர்ப்பளித்த நாளில் ஒரு பெண் அப்படிச் சந்தோஷமாக ஓடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று மாலை மன்றத்தில் துக்கம் விசாரிப்பதைப் போலக் கூட்டம் கூடியது. தலைவர் மனமுடைந்து போயிருந்தார். “எட்டு மாதம் ஒரு நிரபராதி என்று நம்பி வளர்த்தோமே! உலக அரங்கில் நம்மைத் தலைகுனிய வைத்துவிட்டானே, திருட்டுப் பயல்!” என்றார். மன்றத்தின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்த செங்கோடனைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. ஆறு பிரதிகள் அடித்தேன். தண்டனை பெற்றவன் ஜாமீன் திட்டத்துக்கு உதவ மாட்டான் என்பதால் பதினாலாவது கலத்தையும் அழித்துவிட்டு வேறு ஆளைப் போடச் சொன்னார்கள்.

“அந்த ஜெயிலுக்கு இத்தனை தடவை போய் வந்திருக்கிறாய். ஜாமீனுக்கு ஆளில்லாமல் வேறு யாராவது இருக்கிறானா?” என்று கேட்டார் தலைவர். “நல்ல குடும்பஸ்தனாக இருந்தால் தேவலை.”

பதினேழு பேர் இருந்தார்கள். எல்லார் பெயரும் எனக்குத் தெரியும், யாருக்கு எத்தனை பிள்ளை என்பதும் தெரியும்.

“ஒருத்தரும் இல்லை ஐயா” என்றேன்.